அடுத்த வீட்டு அவியல்

மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஜெபகுமாரி, சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பு மூட்டி, காலையில் வடித்த சோற்றைச் சூடாக்கி, ஒரு முட்டையும் பொரித்து மகளைக் கூப்பிட்டாள். ஆறு வயது ராஜபாய் வந்து தட்டைப் பார்த்தாள்.

"பசிக்கல்லம்மா."

"மத்தியானம் என்ன தின்ன?"

"மாமி சோறு தந்தா. நெத்தோலி மீன் அவியல் வச்சிருந்தா. பிறவு மரச்சீனிக் கிழங்கு. பிறவு கருப்பட்டி போட்டு…"

"போதும்" என்றாள் ஜெபகுமாரி.

மாமி என்றது அடுத்த வீட்டுச் சொர்ணம்மாளை. வடசேரிச் சந்தைக்குத் தெற்கே ஒரு முடுக்கில் இரண்டு வீடுகளும் ஒட்டி இருந்தன. பின்பக்கம் ஒரே கிணறு. நடுவில் ஓலை வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. சொர்ணம்மாளின் கணவன் முத்துநாயகம் சந்தையில் வாழைக்குலைக் கடை வைத்திருந்தார். ஒரே மகன் பொன்னுலிங்கம் நான்காம் வகுப்பு. ஜெபகுமாரி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். அவள் கணவன் ரசலையன் மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்தான். சனிக்கிழமை வந்து திங்கள் காலை போய்விடுவான்.

அந்த வருஷம் ஆனியில் ராஜபாயை முதல் வகுப்பில் சேர்த்தபோதுதான் இது ஆரம்பித்தது. முதல் வகுப்பு மத்தியானத்தோடு விட்டுவிடும். ஜெபகுமாரிக்கு நாலரை மணி ஆகும். சொர்ணம்மாள் தானாகத்தான் வந்து சொன்னாள்: "பிள்ளை என்னத்துக்கு டீச்சரே சாயங்காலம் வரைக்கும் அங்க கெடந்து வாடணும்? எனக்க வீட்ல நிக்கட்டு. நாங்க திங்கதுல ஒரு வாய் அவளும் திங்கட்டு." ஜெபகுமாரிக்கு அப்போது கண் நிறைந்துவிட்டது. தன் பங்கு ரேஷன் அரிசியில் கொஞ்சம் கொடுத்துவிடலாம் என்று கொண்டுபோனாள். சொர்ணம்மாள் அதை வாங்கவில்லை.

கார்த்திகைக்குள் அந்த நன்றியெல்லாம் எங்கோ போய்விட்டது. மகள் வீட்டில் சாப்பிடுவது காலைக் கஞ்சி மட்டும் என்றாயிற்று. அதையும் அவசரமாகக் குடித்தாள். மாலையில் கைகால் கழுவிவிடும்போது பிள்ளையின் விரல்களில் மஞ்சளும் மீனும் மணக்கும். ஜெபகுமாரி அந்தக் கையைச் சற்று அதிகமாகவே தேய்த்துக் கழுவினாள்.

அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. அடுப்பு எரிப்பாள், சோறு குழையாது, யாரும் பட்டினி கிடந்ததில்லை. அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா பிரசவத்தில் இறந்துபோனாள். ஏழு வயதில் அப்பா அவளை மிஷன் போர்டிங்கில் விட்டார். அங்கே மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும். பெரிய வெங்கல உருளியிலிருந்து எல்லாருக்கும் ஒரே அளவு கஞ்சி, ஒரே அளவு பயறு. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு துண்டு இறைச்சி. பத்து வருஷம் அப்படிச் சாப்பிட்டவளுக்கு, அம்மா கையால் இதைத் தின்றேன் என்று சொல்ல ஒன்றுமில்லை. எத்தனையோ முறை கண்ணை மூடி நினைத்துப் பார்த்திருக்கிறாள். அம்மாவின் சேலை நிறம்கூட நினைவுக்கு வந்தது. ஒரு ருசி வரவில்லை.

அதனால்தான் அவளுக்கு இப்படிக் கொதித்தது. இந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, எந்த ஊரிலோ இருந்துகொண்டு சின்ன வயதுச் சாப்பாட்டை நினைக்கும். அப்போது அவள் நாக்கில் வருவது சொர்ணம்மாளின் கறியாக இருக்கும். பெற்றவள் நான், நினைப்பு அவளுக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

*

கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து சில வாரம் ஆகியிருக்கும். ஆசிரியர் அறையில் முதல் வகுப்பு நேசம்மாள் டீச்சர் ஜெபகுமாரியைக் கண்டதும் சத்தமாகச் சிரித்தார். ஐம்பது வயது, பருத்த உடம்பு, சாப்பாட்டுப் பேச்சென்றால் பாடத்தையே விட்டுவிடுவார்.

"ஏட்டி ஜெபா, நீ இம்பிடு கள்ளியா? இத்தன நாளு ஒரு வார்த்தை சொன்னியா?"

"என்ன டீச்சர்?"

"இண்ணைக்குப் பிள்ளையளுட்ட, வீட்ல அம்மா என்ன வைப்பாண்ணு கேட்டேன். ஒருத்தி கஞ்சிங்கா, ஒருத்தன் கிழங்குங்கான். ஒனக்க மக எந்திரிச்சு நிண்ணா பாரு. 'எங்க அம்மா நெத்தோலி அவியல் வைப்பா. மாங்கா போடுவா. தேங்காயை ஒண்ணும் பாதியுமாத்தான் அரைப்பா. சட்டியை இறக்கி, பச்சை எண்ணெய் ஊத்தி, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடுவா. பத்து எண்ணி முடிக்கது வரைக்கும் திறக்கமாட்டா'ண்ணு சொல்லுகா. எனக்கு வாயில வெள்ளம் ஊறிட்டு!"

மற்ற இரண்டு டீச்சர்மாரும் சிரித்தார்கள். "எங்களுக்கும் ஒருநாள் போடப்பிடாதா?" என்றாள் ஒருத்தி.

ஜெபகுமாரி வாயைத் திறந்தாள். அது நான் வைப்பதில்லை, அடுத்த வீட்டில் வைப்பது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் மூன்று பேரும் அவளை அதுவரை பார்த்திராத விதத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்து, "சும்மா போங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அந்த வெட்கம் அவர்களுக்கு அடக்கமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளை முன்னால் நிறுத்தினாள்.

"டீச்சர்ட்ட ஏம்ட்டி பொய் சொன்ன? அவியல் நானா வைக்கேன்?"

ராஜபாய் பாவாடை நுனியைத் திருகினாள். "எல்லா பிள்ளையளும் அவங்க அம்மை வைக்கதச் சொன்னா. நீ கஞ்சிதானே வைப்ப? கஞ்சிண்ணு சொன்ன பிள்ளையைப் பாத்து எல்லாரும் சிரிச்சா. ஒன்னையும் சிரிப்பால்லா?"

பிள்ளை தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னது என்று ஜெபகுமாரிக்குப் புரிய நாளாயிற்று. அன்றைக்கு அவள் காதில் விழுந்தது 'கஞ்சிதானே' என்ற ஒரு சொல் மட்டும்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் மீன்காரியிடம் நெத்தோலி வாங்கினாள். மகள் சொன்னதை எல்லாம் நினைவில் வைத்திருந்தாள்: மாங்காய், ஒன்றும் பாதியுமாகத் தேங்காய், பச்சை எண்ணெய். பத்து எண்ணினாள். இலை போட்டு ரசலையனுக்கும் மகளுக்கும் பரிமாறினாள். ரசலையன் எதையும் குறை சொல்லாத மனுஷன். வைத்ததைத் தின்றான். ராஜபாய் இரண்டு வாய் தின்றுவிட்டு, கறியைச் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தாள்.

"என்ன?"

"மாமி அகப்பை போடமாட்டா. சட்டியைப் பிடிச்சு அங்கயும் இங்கயுமா ஆட்டுவா. நீ கலக்கிட்ட. மீனெல்லாம் உடைஞ்சு போச்சு."

பாடம் தப்பாக ஒப்பித்த மாணவியைத் திருத்துவதுபோல, அவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். ரசலையன் சிரித்துவிட்டான். ஜெபகுமாரி எழுந்து அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலையில் ராஜபாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஜெபகுமாரி பாவாடையை மாற்றும்போது அதன் மடிப்பிலிருந்து பழுக்காத புளியங்காய் இரண்டு விழுந்தன. ஒன்று பாதி கடித்தது. பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற புளியமரத்துக் காய். எத்தனை தின்றாளோ, வாயோரம் எல்லாம் வெந்திருந்தது.

ஜெபகுமாரி அந்தக் காய்களைக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பில் போட்டாள். சுக்கு தட்டிக் கசாயம் வைத்துக் கொடுத்து, மகளைப் படுக்கவைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அங்கே சொர்ணம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். முடுக்கிலிருந்த வேறு நாலு பெண்களும் நின்றார்கள்.

"பிள்ளை எங்க டீச்சரே, சத்தத்தைக் காணல்லிய?" என்றாள் சொர்ணம்மாள்.

"சத்தம் எப்பிடி வரும்? கக்கிக் கக்கிக் கெடக்கா."

"ஐயோ! என்னத்துல?"

"அதை நான் ஒங்ககிட்டல்லா கேக்கணும். பழைய மீனையும் மிச்சம் மீதியையும் குடுத்தா பிள்ளைக்கு வேற என்ன வரும்? எங்க வீட்ல சோறு இல்லாமயா அவளை அங்க விட்டேன்? இனி அவளுக்கு ஒண்ணும் குடுக்காண்டாம்."

சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், சொல்லி முடித்தபோது மாசக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாற்போல ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம் சொர்ணம்மாளின் முகத்தைப் பார்க்கிறவரைதான்.

சொர்ணம்மாள் வாளிக் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

"பழைய மீனா?" என்றாள். "எனக்க மோனுக்கு எடுத்து வைக்கதுக்கு முன்ன உங்க பிள்ளைக்குத்தான் டீச்சரே நான் எடுத்து வைப்பேன்." பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் வேலித் திறப்பில் புது ஓலை வைத்துக் கட்டியிருந்தது.

அன்றிலிருந்து ராஜபாய் மத்தியானத்துக்கு மேல் ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெபகுமாரி காலையிலேயே சோறும் காணப்பயற்றுத் துவையலும் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போவாள். பிள்ளை பாதி தின்பாள். பிறகு பெஞ்சில் கவிழ்ந்து தூங்கிவிடுவாள். பெரிய பிள்ளைகள் கணக்கு ஒப்பிக்கும் சத்தத்திலும் எழும்பமாட்டாள்.

ஒன்றும் கேட்டு அழவில்லை. மாமி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அழுதிருந்தால் ஜெபகுமாரிக்கு இரண்டு அடி கொடுத்து ஆற்றிக்கொள்ள முடிந்திருக்கும். சாயங்காலம் அடுத்த வீட்டில் தேங்காய் அரைபடும் சத்தம் கேட்கும்; சற்று நேரத்தில் கறி கொதிக்கும் வாசனை வரும். சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் ராஜபாயின் கை நிற்கும். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் உடனே எழுதத் தொடங்குவாள். பிள்ளை தன்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதைக் கண்டபோது ஜெபகுமாரியின் பொறாமை இரண்டு பங்காயிற்று. முன்பு அவளுக்குக் கிடைக்காமல் போனது பிள்ளையின் வயிறு மட்டும். இப்போது மனமும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

*

பங்குனியில் நேசம்மாள் டீச்சருக்குக் குளச்சல் பக்கம் மாற்றல் வந்தது. அனுப்பிவைப்பதற்கு எங்கே கூடலாம் என்று பேச்சு வந்தபோது, அவரே முடிவு சொல்லிவிட்டார்.

"எனக்கு மாலையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஜெபா வீட்ல நெத்தோலி அவியலும் சோறும். அது போதும்."

மற்றவர்கள் கைதட்டினார்கள். ஜெபகுமாரியால் சிரிக்கத்தான் முடிந்தது.

இடையில் எட்டு நாள் இருந்தது. மூன்று முறை சமைத்துப் பார்த்தாள். ஒருமுறை புளிப்பு ஏறிற்று, ஒருமுறை அடிப்பிடித்தது. சட்டியை ஆட்டத் தெரியவில்லை. துணி நழுவிக் கையைச் சுட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாலை வேலியருகே போய் நின்றாள். அந்தப் பக்கம் சொர்ணம்மாள் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டால் கேட்கும். இவள் நிற்பது அவளுக்குத் தெரிந்ததா தெரியவில்லை. திரும்பாமலேயே உள்ளே போய்விட்டாள். ஜெபகுமாரி கூப்பிடவில்லை.

சனிக்கிழமை மூன்று டீச்சர்மாரும் வந்தார்கள். ரசலையன் அன்று தோட்டத்தில் ஏதோ வேலை என்று வரவில்லை. பாய் விரித்து இலை போட்டாள். பருப்பு, முருங்கைக்கீரைத் துவரன், அப்பளம், நடுவில் அவியல் சட்டி. நேசம்மாள் டீச்சர் கண்ணை மூடி நீளமாக ஜெபம் செய்தார். ஆமென் சொன்னதும் முதலில் அவியலில்தான் கை வைத்தார்.

ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார். "கொள்ளாம்" என்றார். அந்தப் பாராட்டில் வழக்கமான சத்தம் இல்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜபாயின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்: "மக்கா, நீ கிளாஸ்ல சொன்ன அவியல் இதுதானா?"

ராஜபாய் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா டீச்சர். இதேதான்" என்றாள். பிறகு இலையைத் தட்டி, "அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் அவியல்" என்றாள்.

இரண்டாம் தடவை என்று எதையும் அந்த வீட்டில் கேட்டறியாத பிள்ளை. அம்மா வைத்த கறியை ராஜபாய் முள்ளோடு மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினாள். புளிப்பில் அவள் கண் சுருங்கியது. சுருங்கியதை யாரும் பார்க்காமலிருக்க இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் ஜெபகுமாரிக்கு அன்று அவள் சொன்ன வார்த்தை முழுவதும் கேட்டது. ஒன்னையும் சிரிப்பால்லா?

கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"இல்ல டீச்சர். இது அது இல்ல."

"என்ன?"

"பிள்ளை சொன்னது அடுத்த வீட்டுச் சொர்ணம்மாள் வைக்க அவியல். மத்தியானமெல்லாம் அவதான் இவளுக்குச் சோறு போட்டா. அண்ணைக்கே நான் சொல்லியிருக்கணும். நீங்க எல்லாரும் மெச்சினப்போ எனக்கு வாய் வரல்ல."

இளைய டீச்சர் ஒருத்தி சிரிப்பை அடக்க அப்பளத்தை நொறுக்கினாள். நேசம்மாள் டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, துவரன் நீ வச்சதுதானே?" என்றார்.

"ஆமா."

"அதைக் கொஞ்சம் வை. அது நல்லாருக்கு."

ராஜபாய் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறியைத் தள்ளி வைத்துவிட்டுப் பருப்புச் சோற்றைத் தின்னத் தொடங்கினாள்.

*

அவர்கள் போனதும் ஜெபகுமாரி பாத்திரத்தைக்கூடக் கழுவவில்லை. முடுக்கு வழியாகச் சுற்றிச் சொர்ணம்மாள் வீட்டு வாசலுக்குப் போனாள். சொர்ணம்மாள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லவில்லை.

"அண்ணைக்குப் பிள்ளைக்கு வந்தது மீனால இல்ல" என்றாள் ஜெபகுமாரி. "புளியங்கா தின்னிருக்கா. மடியில கெடந்துது. கிணத்தடிக்கு வரதுக்கு முன்னயே எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அண்ணைக்கு ராத்திரி பொன்னுலிங்கம் சொன்னான். மரத்துல கல்லெறிஞ்சு போட்டது அவன்தான்." முறம் நிற்கவில்லை. "தெரிஞ்சும் பிறவு ஏன் டீச்சரே அப்பிடிச் சொன்னிய?"

படித்தவளுக்குச் சுற்றிவளைத்துச் சொல்ல எத்தனையோ வார்த்தை உண்டு.

"பொறாமை" என்றாள் ஜெபகுமாரி.

முறம் நின்றது. சொர்ணம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மாசச் சம்பளமும் குடையும் செருப்புமாகப் போகிற டீச்சர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை போலிருக்கிறது. சிரிக்கவுமில்லை, இளகவுமில்லை.

"அது உங்களுக்க காரியம்" என்றாள் கடைசியில். "ஆனா கிணத்தடியில நாலுபேரு முன்ன சொன்னிய. அண்ணையில இருந்து அந்தப் பொம்பளையளு எனக்க வீட்ல ஒரு வாய் வெள்ளம் குடிக்கல்ல. நாலுபேரு முன்ன வந்து சொல்லுங்க. பிறவு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் புறப்படும் முன், வெள்ளைச் சேலையோடு ஜெபகுமாரி கிணற்றடிக்குப் போனாள். அதே பெண்கள் இருந்தார்கள். நாற்பது பிள்ளைகளை அடக்கும் அவள் குரல் அன்று கிணற்றுச் சுவரைத் தாண்டவில்லை. "கேக்கல்ல டீச்சரே" என்றாள் ஒருத்தி, வேண்டுமென்றே. திரும்பவும் சத்தமாகச் சொன்னாள்: மீன் நல்ல மீன்தான், பிள்ளை புளியங்காய் தின்றாள், நான் சொன்னது பொய். சொர்ணம்மாள் வாளியை இறைத்து ஊற்றிவிட்டு, "பிள்ளையை நாளைக்கு அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள். ஓலையை அவளே அவிழ்த்தாள்.

அதன்பிறகு இரண்டு பேரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஜெபகுமாரி ஒருநாள் அங்கே உட்கார்ந்து அந்த அவியலைத் தின்றாள். மிகவும் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவளுக்குக் கசந்தது. கற்றுத் தரட்டுமா என்று சொர்ணம்மாள் கேட்டபோது வேண்டாம் என்றாள்; தன் வீட்டில் அதைப் பிறகு வைக்கவும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ரசலையனுக்குத் தோட்டத்திலேயே வீடு கிடைத்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜெபகுமாரிக்கும் வேலை அமைந்தது. சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். எட்டு வயது தாண்டிய ராஜபாய், சொர்ணம்மாளின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேமாட்டேன் என்று அழுதாள். சொர்ணம்மாள் ஒரு கையால் அவள் தலையைத் தடவி, இன்னொரு கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெபகுமாரி வண்டியருகே நின்று பார்த்தாள். அந்தப் பழைய பொறாமை மறுபடியும் கிளம்பியது. வண்டிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான். பிள்ளை அழுது முடிக்கட்டும், நில்லும் என்றாள்.